சாயத் தொட்டியில் தொடங்க வேண்டிய கணக்கு

நொய்யலில் கலந்த சாயக் கழிவு, பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையையே கழிவுநீர்த் தேக்கமாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்ற முறையே அத்தொழிலுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை.

அம்முறைக்கும் ஒரு விலை உண்டு. எதிர் சவ்வூடு பரவல் மூலம் பெரும்பகுதி நீர் மீட்கப்பட்டாலும், எஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்க ஏராளமான எரிபொருள் வேண்டும். ஆகவே, கழிவைச் சுத்திகரிப்பதற்கு முன்பே அது உருவாவதைக் குறைப்பதுதான் முதன்மையானது. எண்மத் தொழில்நுட்பத்தின் உண்மையான பயன் இங்கேதான் என்பேன்.

நிறம் பிசகிய துணிக்கு மறுபடி சாயமேற்றினால் நீர், உப்பு, வெப்பம் அனைத்தும் மீண்டும் செலவாகும். நிறமாலைமானியின் துணையுடன் கணினி வகுக்கும் சாயக் கலவையும், அதைத் துல்லியமாக அளந்து ஊற்றும் தானியங்கிக் கருவியும் இப்பிசகைக் குறைக்கின்றன. இயந்திரந்தோறும் பொருத்தப்படும் நீர்மானியும் மின்மானியும் விரயம் நிகழும் இடத்தை அன்றே காட்டிவிடும். மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் உரிமையாளருக்கு இலாபமே.

மாசு மிகுந்த 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளை நிறுவ வேண்டும் என 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பணித்தது. அளப்பதோடு கருவியின் வேலை முடிந்துவிடும். தவறைத் தடுப்பது மனிதரின் பொறுப்பு. அந்த அளவுகள் வாரியத்தின் கணினியோடு நின்றுவிடாமல், ஆற்றின் கீழ்ப்பகுதியில் பயிர் செய்யும் உழவரும் தமிழில் படித்தறியும்படி வெளியிடப்பட வேண்டும். அந்த நீரால் முதலில் பாதிக்கப்படுபவர் அவரே.