மாதவிடாய் நிறுத்தத்திற்கு முந்தைய காலமும் தைராய்டு கோளாறுகளும்

மாதவிடாய் முற்றிலும் நிற்பதற்கு முன் சில ஆண்டுகள் நீடிக்கும் இடைநிலைப் பருவம் பெரிமெனோபாஸ் எனப்படுகிறது. பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்த பின் தொடங்கும் இப்பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவு ஒரே சீராகக் குறையாமல் ஏறி இறங்குகிறது. தைராய்டு கோளாறுகளும் ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம் ஏற்படுகின்றன. வயது கூடக் கூட அவற்றின் வாய்ப்பும் கூடுகிறது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ, தம் பெயரால் இன்று அறியப்படும் தைராய்டு அழற்சியை 1912இல் முதலில் விவரித்ததும் நான்கு நடுவயதுப் பெண்களிடம்தான்.

அறிகுறிகளின் குழப்பம்

சோர்வு, உடல் எடை கூடுதல், முடி உதிர்தல், மறதி, மனச்சோர்வு, ஒழுங்கற்ற மாதவிடாய் ஆகியவை பெரிமெனோபாஸிலும் தைராய்டு குறைசுரப்பிலும் காணப்படும். வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை பெரிமெனோபாஸுக்கும் மிகைசுரப்புக்கும் பொதுவானவை. "இந்த வயதில் இப்படித்தான்" என்று வீட்டில் சொல்லப்படுவதால் தைராய்டு கோளாறு கவனிக்கப்படாமல் போவதுண்டு.

சில வேறுபாடுகள் உதவக்கூடும். பெரிமெனோபாஸின் வெப்ப அலை திடீரென முகத்திலும் மார்பிலும் பரவிச் சில நிமிடங்களில் தணியும். மிகைசுரப்பில் வெப்பம் தாங்க முடியாத நிலை நாள் முழுவதும் இருக்கும்; கை நடுங்கும், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். குளிர் தாங்க முடியாமை, மலச்சிக்கல், முக வீக்கம் ஆகியவை குறைசுரப்பைச் சுட்டும். ஆயினும் அறிகுறிகளை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையே முதற்படி. முடி உதிர்வுக்காகப் பலர் வாங்கி உண்ணும் பயோட்டின் மாத்திரை சில ஆய்வக முறைகளில் இம்முடிவைப் பொய்யாக மாற்றி, இல்லாத மிகைசுரப்பை இருப்பதுபோல் காட்டும். எனவே மருத்துவரிடம் சொல்லி, பரிசோதனைக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே அதை நிறுத்துவது வழக்கம்.

மருந்துகள் ஒன்றையொன்று பாதிக்கும் விதம்

குறைசுரப்புக்கு லெவோதைராக்சின் மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீருடன் கொடுக்கப்படுகிறது. காபி, காலை உணவு எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே. இப்பருவத்தில் அதிக உதிரப்போக்கால் இரத்தசோகை வந்தால் இரும்புச்சத்து மாத்திரையும், எலும்புக்காகக் கால்சியமும் சேர்கின்றன. இவ்விரண்டும் லெவோதைராக்சின் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் நான்கு மணி நேர இடைவெளி தேவை. பல ஆண்டுகளாகச் சீராக இருந்த டி.எஸ்.எச். திடீரென உயர்ந்தால், மருந்தளவைக் கூட்டும் முன் இந்த இடைவெளியை விசாரிப்பது பயனுள்ளது.

வெப்ப அலைக்காக ஈஸ்ட்ரோஜன் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டால், கல்லீரல் தைராய்டு ஹார்மோனைப் பிணைக்கும் புரதத்தைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. பிணைக்கப்பட்ட ஹார்மோன் திசுக்களுக்குப் பயன்படாது. நலமான சுரப்பி கூடுதலாகச் சுரந்து இதை ஈடுசெய்துவிடும். மாத்திரையை நம்பியிருப்பவரின் உடலால் அது முடியாது. ஆகவே ஈஸ்ட்ரோஜன் தொடங்கிய 6 முதல் 12 வாரங்களில் டி.எஸ்.எச். மீண்டும் பார்க்கப்படுகிறது. தோலில் ஒட்டும் பட்டையாகவோ தடவும் ஜெல்லாகவோ கொடுக்கும்போது மருந்து நேரடியாக இரத்தத்தில் சேர்வதால் இந்த விளைவு மிகக் குறைவு.

டி.எஸ்.எச். சரியான அளவில் இருந்தும் சோர்வு நீங்கவில்லை என்று தைராய்டு மருந்தைத் தாமாகவே கூட்டிக்கொள்வது ஆபத்தானது. அளவு மிகுந்தால் எலும்பு அடர்த்தி குறையும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். ஈஸ்ட்ரோஜன் குறைவால் எலும்பு ஏற்கெனவே மெலியத் தொடங்கும் வயது இது. தூக்கக் குறைவு, இரத்தசோகை, மனச்சோர்வு ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தால் சோர்வின் காரணம் பெரும்பாலும் தெரியவரும்.

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதங்கள் வராதபோதே அது நின்றதாகக் கொள்ளப்படுகிறது; அதுவரை கருத்தரிக்க வாய்ப்புண்டு. அதன்பின் உதிரப்போக்கு ஏற்பட்டால், தைராய்டைக் காரணமாக எண்ணிக் காத்திராமல் உடனே மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.