இரண்டாயிரம் ரூபாய் தவணையும் இரண்டு ஏக்கர் நிலமும்

எங்கள் கிளை அமைந்துள்ள காக்ஸ் டவுன், பெங்களூரு மாநகரின் நெரிசலான பகுதிகளுள் ஒன்று. ஆயினும் இங்கு வரும் வாடிக்கையாளர்கள் பலருக்கு வீடு இங்கும் நிலம் வேறெங்குமாக உள்ளது. கோலார், பங்காருப்பேட்டை, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வேலூர் என்று ஊர்கள் மாறினாலும் கவலை ஒன்றுதான்: கிணற்றில் தண்ணீர் இல்லை.

கடந்த கோடையில் ஒருவர் தம் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டு வந்தார். இங்கே பழுதுபார்க்கும் பட்டறையில் பணி. பங்காருப்பேட்டைக்கு அருகே தந்தையார் பெயரில் இரண்டு ஏக்கர் நிலம். மகளின் கல்லூரிச் செலவுக்கென்று சேர்த்த தொகை அது. “இன்னும் முந்நூறு அடி போட்டால் தண்ணீர் வந்துவிடும் என்கிறார்கள் சார்” என்றார். முந்தைய ஆண்டு போட்ட ஆழ்துளைக் கிணறு வறண்டு போயிருந்தது. அதற்காக அடகு வைத்த நகை இன்னும் மீளவில்லை. பழைய கிணற்றில் மட்டும் சிறிது தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அவரிடம் நான் கேட்டது ஒன்றே: “அந்தச் சிறிது தண்ணீர் ஒரு நாளைக்கு எவ்வளவு?” அவர் அதை அளந்து பார்த்ததில்லை. அந்த உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நேரடிப் பணம் என்ன செய்யும்?

பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதித் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்டது. தகுதியுள்ள உழவர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதங்களுக்கு ஒரு முறை 2,000 ரூபாயாக, நேரடியாக வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. இதற்கு முன்னரே, 2018-இல் தெலங்கானா அரசு ரைத்து பந்து திட்டத்தின்கீழ் ஏக்கருக்குப் பருவந்தோறும் 4,000 ரூபாய் வழங்கத் தொடங்கி, பின்னர் அதை 5,000 ஆக உயர்த்தியது.

“இரண்டாயிரத்தில் என்ன பாசனம் செய்ய முடியும்?” என்ற கேள்வி நியாயமானதே. அத்தொகையால் கிணறு வெட்ட முடியாது. ஆனால் மழை பொய்த்தாலும் விலை வீழ்ந்தாலும் அது வந்து சேரும். உறுதியாக வரும் சிறு தொகை, உறுதியற்ற பெருந்தொகையைவிடத் திட்டமிடுவதற்கு உகந்தது. வறுமையில் உள்ள குடும்பம் முதலீடு செய்யாமைக்கு அறியாமை மட்டும் காரணமன்று. ஒரு முறை தவறினால் அடுத்த வேளை உணவுக்கு வழியில்லை என்ற அச்சமும் காரணம். நேரடிப் பணம் அந்த அச்சத்தை ஓரளவு குறைக்கிறது.

மெக்சிகோ நாட்டில் 1997-இல் தொடங்கி, பின்னர் ஓப்போர்ச்சுனிடாடெஸ் என்று பெயர் பெற்ற உதவித்தொகைத் திட்டம் பற்றி 2012-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. கிராமப்புறக் குடும்பங்கள் தாம் பெற்ற ஒவ்வொரு பெசோவிலும் 74 சென்டாவோக்களை நுகர்வுக்குச் செலவிட்டு, எஞ்சியதை முதலீடு செய்தன என்று அது கண்டது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வருவாய் ஈட்டும் வழிகளுக்குச் சென்றது. வீட்டுத் தேவையை மறுக்காமலேயே ஒரு பகுதியை நிலத்திற்கு ஒதுக்க முடியும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

முதலில் தண்ணீர்க் கணக்கு

ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் நிற்க ஏறத்தாழ 4,000 லிட்டர் தேவை. வாய்க்கால் வழியே ஒரு முறை பாய்ச்சும்போது 50 மில்லிமீட்டர் அளவு விடுவதாகக் கொண்டால், அது 2 லட்சம் லிட்டர். சொட்டுநீர்ப் பாசனத்திலோ அன்றன்றைய தேவையை மட்டும் வேரடியில் தருகிறோம். நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 16,000 லிட்டரே ஆகும்.

நம் வாடிக்கையாளர் ஊருக்குச் சென்று, 200 லிட்டர் பீப்பாய் நிரம்பும் நேரத்தை அளந்து வந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று. மணிக்கு 2,400 லிட்டர்; ஆறு மணி நேரம் மோட்டார் ஓடினால் 14,400 லிட்டர். வாய்க்கால் பாசனத்தில் ஓர் ஏக்கரை ஒரு சுற்று நனைக்கவே இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் பயிர் வாடிவிடும். அதே தண்ணீர் சொட்டுநீரில் ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குப் போதுமானது. “வறண்ட கிணறு” என்று கைவிட இருந்த கிணறு அது.

ஆகவே செலவின் வரிசை முக்கியமானது. முதலில் இருக்கும் நீரைச் சிக்கனப்படுத்துவது. இரண்டாவது அதைத் தொட்டியிலோ பண்ணைக் குட்டையிலோ தேக்குவது. மூன்றாவதாகவே புதிய நீரைத் தேடுவது. கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு இல்லை. ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்டும் தண்ணீர் காணாத கிணறுகள் உண்டு. பெங்களூருவின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைக் கோலார் ஏரிகளுக்குக் கொண்டு செல்லும் கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் 2018-இல் செயல்படத் தொடங்கியபின், ஏரிகள் நிறைந்த ஊர்களில் நிலத்தடி நீர் உயர்ந்துள்ளது. அந்த நீரையும் அளவோடு எடுத்தால்தான் நிலைக்கும். நிலத்தடி நீர் மிகையாக எடுக்கப்பட்ட வட்டங்களில் புதிய ஆழ்துளைக் கிணற்றுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

மானியமும் நம் பங்கும்

மத்திய அரசின் நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தில் சிறு, குறு உழவர்களுக்கு 55 விழுக்காடும் ஏனையோருக்கு 45 விழுக்காடும் மானியம் உண்டு. மாநில அரசுகள் இதற்கு மேலும் சேர்த்து வழங்குகின்றன. கர்நாடகத்தில் இரண்டு ஹெக்டேர் வரை 90 விழுக்காடும், தமிழ்நாட்டில் சிறு, குறு உழவர்களுக்கு 100 விழுக்காடும், ஏனையோருக்கு 75 விழுக்காடும் கிடைக்கின்றன.

இங்கே பலர் ஏமாற்றமடையும் இடம் ஒன்றுண்டு. மானியம் அரசு நிர்ணயித்த அலகுச் செலவின்மீது கணக்கிடப்படுகிறது; நிறுவனத்தின் விலைப்புள்ளியின்மீது அன்று. எடுத்துக்காட்டாக, விலைப்புள்ளி 1,20,000 ரூபாய், அரசின் அலகுச் செலவு 1,00,000 ரூபாய் எனில், 90 விழுக்காடு மானியம் 90,000 ரூபாய். உழவர் செலுத்த வேண்டியது 12,000 அன்று, 30,000 ரூபாய். தொட்டி, நிலம் சமன்படுத்துதல், முதற்பயிரின் நாற்று ஆகியவை இதற்கு மேல்.

இந்த இடைவெளியை நிரப்புவதில்தான் நேரடிப் பணத்தின் பயன் இருக்கிறது. ஆண்டுக்கு மூன்று தவணைகளில் ஒன்றை வீட்டுச் செலவுக்கு விட்டு, இரண்டைச் சேமித்தால் 4,000 ரூபாய். நகரில் பணிபுரியும் மகனோ மகளோ மாதம் 1,000 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்தினால் ஆண்டுக்கு 12,000. மூன்று ஆண்டுகளில் வட்டி நீங்கலாகவே 48,000 ரூபாய் சேர்கிறது. மேற்கண்ட 30,000 போக, தொட்டிக்கும் ஒரு பகுதி எஞ்சும்.

கடன் எப்போது, எவ்வளவு?

காத்திருக்க இயலாதவர்களுக்கு 1998-இல் அறிமுகமான உழவர் கடன் அட்டை உள்ளது. 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு ஆண்டு வட்டி 7 விழுக்காடு. உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு 3 விழுக்காடு சலுகை கிடைப்பதால் அது 4 விழுக்காடாகக் குறைகிறது. பண்ணைக் கருவிகளின் பராமரிப்புக்கென்றும் அட்டையின் வரம்பில் ஒரு பகுதி உண்டு. மோட்டார் பழுது, குழாய் மாற்றம் போன்றவற்றுக்கு அது உதவும். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்குப் பிணையம் தேவையில்லை.

சூரிய மின்சக்தி மோட்டாருக்குப் பிரதம மந்திரி குசும் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் தலா 30 விழுக்காடு ஏற்கின்றன. எஞ்சியதில் 30 விழுக்காடு வரை வங்கிக் கடனாகப் பெறலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கடன் பெற்றுப் போட்ட கிணற்றில் தண்ணீர் வராவிட்டாலும் தவணை வரும். உறுதியான பயன் தரும் குழாய், தொட்டி, வடிகட்டி ஆகியவற்றுக்குக் கடன் பெறுவது வேறு. பூமிக்கடியில் இருக்கலாம் என்ற நம்பிக்கைக்குக் கடன் பெறுவது வேறு.

கவனிக்க வேண்டியவை

நிலப் பதிவு உழவரின் பெயரில் இருத்தல் வேண்டும். மறைந்த பாட்டனார் பெயரிலேயே பட்டாவோ பஹணியோ இருந்தால் உதவித்தொகை, மானியம், கடன் அனைத்தும் தடைபடும். கணவன், மனைவி, வயது நிரம்பாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். ஒரு குடும்பத்திற்கு ஓர் உதவியே. வருமான வரி செலுத்துவோர் கிசான் நிதிக்குத் தகுதியற்றவர். நகரில் வரி செலுத்தும் மகனின் பெயருக்கு நிலத்தை மாற்றும் முன் இதை எண்ணிப் பார்ப்பது நலம்.

தவணை வராவிடில், ஆதார் இணைப்பும் மின்னணு அடையாளச் சரிபார்ப்பும் முடிந்துள்ளனவா என்று பாருங்கள். பல கணக்குகள் இருப்பின், ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்கிற்கே தொகை செல்லும்; “பணம் வரவில்லை” என்று வருவோரில் சிலருக்கு அது மறந்துபோன வேறொரு கணக்கில் சேர்ந்திருக்கிறது. கிசான் நிதியின் பெயரால் வாட்ஸ்அப்பில் வரும் செயலிகளை நிறுவ வேண்டா; ஓடிபி எண்ணை எவரிடமும் கூற வேண்டா.

நம் வாடிக்கையாளர் வைப்புத்தொகையை முடிக்கவில்லை. தந்தையாரின் பஹணியுடன் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் மனு அளித்து, ஓர் ஏக்கரில் மட்டும் சொட்டுநீர் அமைத்துத் தக்காளி நட்டார். மற்றோர் ஏக்கர் மழையை நம்பிய கேழ்வரகுதான். நகை இன்னும் அடகில் உள்ளது. அது மீளச் சில பருவங்கள் ஆகலாம். ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணம் உரிய நாளில் செலுத்தப்பட்டது.

இவ்வாண்டு ஊருக்குச் செல்லும்போது நீங்களும் ஒரு பீப்பாயைக் கிணற்றடியில் வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் குறித்து வாருங்கள். அந்த எண்ணுடன் கிளைக்கு வந்தால், எஞ்சிய கணக்கை நாம் சேர்ந்து போடலாம்.