மட்டக்குதிரையின் புண் ஏன் முந்தி ஆறுகிறது?

புத்தளத்தில் எத்தாளை வழியாகக் கற்பிட்டிக்குப் போகிறவர்களுக்குக் கட்டாக்காலிக் கழுதைகள் புதிதல்ல. தோட்ட வேலியின் முள்ளுக்கம்பியில் மாட்டிய கால் எப்படி இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். முழங்காலுக்குக் கீழே தோல் பிளந்து, விளிம்பு சுருண்டு, இலையான் மொய்த்தபடி கிடக்கும். கழுத்தில் பட்ட காயம் வாடிப்போன பிறகும் கால் புண் சிவந்தே இருக்கும்.

கழுதையின் உறவான குதிரைக்கும் இதே தொல்லைதான். முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. எலும்பையும் தசைநாணையும் தோல் இறுக்கமாகப் போர்த்தியிருக்கிறது. உடம்பில் ஏற்படும் புண், சுற்றியுள்ள தோலை உள்ளே இழுத்துச் சுருங்கி மூடும். காலில் இழுப்பதற்குத் தளர்ந்த தோல் கிடையாது. புதுத்தோல் விளிம்பிலிருந்து ஊர்ந்து வரவேண்டும், அதுவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர்தான். 2 சென்ரிமீற்றர் அகலப் புண் சுருங்காமல் இப்படியே மூடுவதானால், இரு பக்கமிருந்தும் தோல் வந்து சேர 100 நாள் பிடிக்கும். அதற்குள் அடியிலிருந்து சிவந்த சதை மிதமிஞ்சி வளர்ந்து விளிம்புக்கு மேலே துருத்திவிட்டால், ஊர்ந்து வரும் தோல் அந்த மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிடும்.

ஆனால் எல்லாக் குதிரைக்கும் இது ஒரே அளவில் நேர்வதில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் யசிந்தா வில்மிங்க் குழுவினர் பெரிய சவாரிக் குதிரைகளையும் ஷெட்லாந்து மட்டக்குதிரைகளையும் ஒப்பிட்டு, முடிவை 1999இல் வெளியிட்டனர். மட்டக்குதிரைகளின் புண் விரைவாக ஆறியது. துருத்தும் சதையும் குறைவு.

எனக்கு வியப்புத் தருவது அதன் காரணம். காயம் பட்டதும் மட்டக்குதிரையின் வெள்ளையணுக்கள் வேகமாகத் திரண்டு கிருமிகளைக் கொன்று, இறந்த இழையத்தைத் துப்புரவாக்கிவிடுகின்றன. அழற்சி சட்டென்று மூண்டு சட்டென்று அடங்குகிறது. பிறகு, சுருங்கும் தன்மையுள்ள உயிரணுக்கள் ஒரே திசையில் வரிசை பிடித்துப் புண்ணை இழுத்து மூடுகின்றன. பெரிய குதிரையில் அழற்சி மந்தமாகத் தொடங்கி வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகைச்சல்தான் சதையை வளர்த்துவிடுகிறது. வீக்கம் என்றாலே கெடுதி என்று நினைக்கிறோம். உரிய நேரத்தில் வந்து உரிய நேரத்தில் போகிற வீக்கம் புண்ணை ஆற்றுகிற வேலையைச் செய்கிறது.

நம் நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டின்றித் திரிகின்றன. அவையும் உருவத்தில் மட்டக்குதிரைகளே. வறண்ட தரவையில் மருந்துக்கு ஆளில்லாமல் இத்தனை தலைமுறை தப்பிய அந்த உடம்புகளுக்குள்ளும் இப்படியொரு சுறுசுறுப்பு இருக்குமோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வேலியோரத்தில் கால் கிழிந்த கழுதையைக் கண்டால் கடுமையான மருந்தை ஊற்றவேண்டாம். புண்ணுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும் உயிரணுக்களையும் அது கொன்றுவிடும். கொதித்தாறிய நீரில் 1 லீற்றருக்கு 9 கிராம் உப்புக் கரைத்து, அந்த நீரால் மண்ணைக் கழுவிவிட்டு, கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கள். உப்பு விளைகிற புத்தளத்தில் அந்த 9 கிராமுக்கா பஞ்சம்?