'குட்டி யானை' பிறந்தது எப்படி? பாதி இன்ஜினில் ஆரம்பித்த டாடா ஏஸ் கதை!

மண்ணச்சநல்லூர்னு சொன்னாலே திருச்சிக்காரங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது பொன்னி அரிசிதான். துறையூர் சாலையில் இருக்கும் இந்த ஊரின் ரைஸ் மில்களில் இருந்து மொத்த லோடு லாரியில் போகும். ஆனா, கொள்ளிடம் தாண்டி ஸ்ரீரங்கத்துல இருக்குற ஒரு மளிகைக் கடைக்கு 25 கிலோ சிப்பம் 30 மட்டும் வேணும்னா? லாரி வெச்சா வாடகை கட்டுப்படியாகாது, கோயில் வீதிகளில் திருப்புறதும் கஷ்டம். மூணு சக்கர லோடு ஆட்டோன்னா ரெண்டு நடை அடிக்கணும்.

30 சிப்பம்னா 750 கிலோ. சொல்லிவெச்ச மாதிரி, அதே 750 கிலோவைச் சுமக்குற ஒரு வண்டி 2005 மே மாதம் வந்தது. கம்பெனி வெச்ச பேர் 'டாடா ஏஸ்'. நம்ம ஆளுங்க வெச்ச பேர் 'குட்டி யானை'. வடக்கேயும் 'சோட்டா ஹாத்தி'ன்னு அதே பேர்தான்!

நஷ்டத்தில் வந்த யோசனை

2000-01 நிதியாண்டில் டாடா மோட்டார்ஸுக்கு (அப்போ பேர் டெல்கோ) சுமார் 500 கோடி ரூபாய் நஷ்டம். தொழில் படுத்தா லாரி விற்பனையும் சேர்ந்து படுக்கும். அதனால லாரியை மட்டும் நம்பியிருக்க முடியாதுன்னு கம்பெனிக்குப் புரிஞ்சது.

அதே நேரத்துல நாடு முழுக்க தங்க நாற்கரச் சாலை வேலை நடந்துட்டிருந்தது. பெரிய ரோடு வந்தா, ஊருக்கு ஊர் பெரிய லாரிகள் ஓடும். ஆனா ஊர் எல்லையில இறக்கின சரக்கைக் கடை வாசல் வரைக்கும் கொண்டுபோக சின்ன வண்டி வேணும். அந்த இடத்துல அப்போ இருந்தது லோடு ஆட்டோதான்.

கிரிஷ் வாக் என்ற இளம் இன்ஜினீயர் தலைமையில் ஒரு டீம் இறங்கியது. லோடு ஆட்டோ ஓட்டுறவங்களைத் தேடிப்போய்ப் பேசினாங்க. நாலு சக்கர வண்டி இருந்தா ஊர்ல நல்ல இடத்துல பொண்ணு கிடைக்கும்னு ஒரு டிரைவர் சொன்னாராம். சிரிப்பா இருந்தாலும் விஷயம் பெருசு. மூணு சக்கரம் பிழைப்புக்கான வண்டி. நாலு சக்கரம்னா அதோட மரியாதையும் சேர்ந்து வருது.

பாதியான இண்டிகா

விலை குறையணும்னா இன்ஜின் செலவு குறையணும். கம்பெனி கையில ஏற்கெனவே இண்டிகா காரோட 1,405 சிசி, 4 சிலிண்டர் டீசல் இன்ஜின் இருந்தது. அதைப் பாதியாக்கினாங்க. 2 சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். இன்னைக்குப் பல பைக்குகளோட பவரே இதைவிட அதிகம். ஆனா சரக்கு வண்டிக்குத் தேவை வேகம் இல்லையே, இழுவைதானே!

இன்ஜினை சீட்டுக்கு அடியில வெச்சதால முன்னாடி மூக்கு நீளலை. மொத்த நீளமே சுமார் 3.8 மீட்டர். 12 இன்ச் சக்கரம். லாரி மாதிரியே இரும்புப் பட்டை ஸ்பிரிங். குறுகலான தெருவுலயும் திரும்பும். மேல ஒரு கூரை, பக்கத்துல ஒரு கதவுன்னு மழைக்கும் வெயிலுக்கும் பாதுகாப்பு. விலை சுமார் 2.25 லட்சம் ரூபாய்.

டிரைவரே ஓனர்!

ரெண்டு வருஷம் முடியுறதுக்குள்ள 1 லட்சம் வண்டிகள் வித்துப்போச்சு. 2007-ல் ஆள் ஏத்துற 'மேஜிக்' வந்தது. ஏஸுக்காகவே உத்தராகண்டின் பந்த்நகரில் புது ஆலையும் திறந்தாங்க. 2012-ல் 10 லட்சம், 2017-ல் 20 லட்சம்.

இந்த எண்ணிக்கைக்குப் பின்னாடி இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க, அடுத்தவங்க வண்டியை ஓட்டிட்டிருந்து கடன் வாங்கி சொந்த வண்டி எடுத்தவங்க. தக்காளி, தண்ணி கேன், கல்யாண வீட்டுப் பாத்திரம், வீடு மாத்துறவங்களோட பீரோன்னு எது கிடைச்சாலும் ஒரு நடை.

போட்டியும் வந்தது. 2010-ல் மஹிந்திரா மேக்ஸிமோ, 2011-ல் நம்ம ஊர் அசோக் லேலண்டின் தோஸ்த், 2015-ல் மஹிந்திரா ஜீத்தோ, 2016-ல் மாருதி சூப்பர் கேரி. ஆனா ரோட்டுல எந்தக் கம்பெனி வண்டி நின்னாலும் "ஒரு குட்டி யானை பிடிங்க"ன்னுதான் சொல்றோம்.

யானை மேல ஏறாதீங்க

சமயபுரம் திருவிழாவோ, சொந்தக்காரங்க வீட்டுக் காதுகுத்தோ, பின்னாடி ஜமுக்காளம் விரிச்சு இருபது பேர் ஏறுறது நம்ம பக்கம் சகஜம். இது சட்டப்படி தப்பு, உயிருக்கும் ஆபத்து. 750 கிலோ மூட்டை தரையோட தரையா கிடக்கும். நிக்கிற மனுஷங்க எடை மேல இருக்கும். வளைவுல வண்டி கவிழ அதுவே போதும். சரக்கு வண்டியில ஓசியா ஏறி வர்றவங்களுக்கு அந்த வண்டியோட இன்ஷூரன்ஸ் பொறுப்பேற்காதுன்னு உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிடுச்சு. குடும்பத்தோட போகணும்னா வேன் பிடிங்க.

நீங்க வாங்கப் போறீங்களா?

ஒரு நல்ல சேதி. சாதாரண கார் ஓட்டுற எல்.எம்.வி லைசென்ஸ் இருந்தாலே, மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியையும் ஓட்டலாம்னு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செஞ்சது. குட்டி யானை இந்தக் கணக்குக்குள்ள தாராளமா வந்துடும்.

வண்டியும் மாறிட்டிருக்கு. 2022-ல் எலெக்ட்ரிக் ஏஸ் அறிமுகமானது. 2025 ஜூனில் 'ஏஸ் புரோ' வந்தப்போ அதோட ஆரம்ப விலை 3.99 லட்சம் ரூபாயா இருந்தது. பெட்ரோல், பெட்ரோலும் சி.என்.ஜி-யும் சேர்ந்தது, எலெக்ட்ரிக்னு மூணு வகை, டீசல் கிடையாது. சுமக்குறது மட்டும் அதே 750 கிலோ.

விலையைப் பார்த்ததும் ஷோரூமுக்கு ஓடிடாதீங்க. லோடு இல்லாத நாள்லயும் இ.எம்.ஐ உண்டு. அதைச் சமாளிக்க ஓவர்லோடு ஏத்தினா, அடுத்த மாசம் டயரும் பிரேக்கும் காசு கேட்கும். அரிசி மில்லோ, காய்கறி மண்டியோ, வாட்டர் கம்பெனியோ, தினமும் நடை தர்ற ரெண்டு இடத்தை முதல்ல பேசி முடிச்சுட்டு, அப்புறம் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுங்க. யானை வாங்குறதைவிட அதுக்குத் தீனி போடுறதுதான் பெரிய வேலை. குட்டி யானைக்கும் அதே கதைதான்!