வயதோடு ஆடும் ஆட்டம்

2022ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி இரவு, புவனேசுவரத்துக் கலிங்கா ஸ்டேடியத்தில், பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் முதன்முதலாகக் களமிறங்கிய இந்தியக் குழுவை அமெரிக்கக் குழு எட்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தோற்கடித்தது என்னும் செய்தியை மறுநாள் காலையில் வாசித்தவர்களில் அநேகர், இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். மூன்று தினங்கள் கழித்து மொராக்கோவிடம் 3-0. 17ஆம் தேதி பிரேசிலிடம் 5-0. மூன்று ஆட்டங்களில் வாங்கிய கோல் பதினாறு, போட்டது ஒன்றுமில்லை. ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது இவ்வளவே. என் அபிப்பிராயத்தில், இளையோர் கால்பந்தைக் கோல் கணக்கால் அளப்பதற்கு முன்னால், பிறந்த தேதியால் அளந்து பார்ப்பது நியாயம்.

பெரியவர்களின் தேசியக் குழுவில் இடம் பிடித்த ஒருவர் உடம்பில் தெம்பு உள்ள வரையில், பத்து ஆண்டுகளானாலும், அதில் நீடிக்கலாம். இளையோர் குழுவுக்கு அந்த பாக்கியம் இல்லை. இந்தியாவில் நடந்த அந்தப் போட்டியில் ஆட வேண்டுமானால் 2005 ஜனவரி முதல் தேதியன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் பிறந்த பெண் எவ்வளவு கெட்டிக்காரியாயினும் பார்வையாளர் வரிசையில்தான் உட்கார வேண்டும். இந்த விதியின் கொடூரத்தை நம் நாட்டுப் பெண்களே முதலில் அனுபவித்தார்கள். உண்மையில் இப்போட்டி 2020 நவம்பரிலேயே இங்கு நடந்திருக்க வேண்டியது. கொரோனாவினால் முதலில் 2021க்குத் தள்ளிப்போய், பிறகு அடியோடு ரத்தாயிற்று. போட்டியை நடத்தும் உரிமையை மட்டும் 2022க்கு மாற்றிக் கொடுத்தார்கள். நாட்டுக்கு நஷ்டமில்லை. ஆனால் 2003லும் 2004லும் பிறந்து, அந்தப் போட்டியையே நம்பிப் பயிற்சி முகாம்களில் வியர்வை சிந்திய பெண்கள், ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வயதைத் தாண்டிவிட்டார்கள்.

2022லும் விக்கினங்களுக்குக் குறைவில்லை. போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் நமக்கு இடம் தானாகவே கிடைத்ததேயன்றி, யாரையும் ஜெயித்து நாம் உள்ளே போகவில்லை. குழுவின் ஐரோப்பியப் பயணத்தின்போது உதவிப் பயிற்சியாளர் ஒருவர்மீது தகாத நடத்தை என்ற புகார் எழுந்து, அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும் எந்தத் தாயும் கேட்கும் முதல் கேள்விக்கு நம் ஸ்தாபனங்கள் இன்னும் ஒழுங்கான பதில் வைத்திருக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆகஸ்டு மத்தியில், வெளியார் தலையீடு என்று காரணம் காட்டி ஃபிஃபா இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. போட்டிக்கு இரண்டு மாதங்கூட இல்லாத நிலையில், அது நடக்குமா நடக்காதா என்று தெரியாமலே அந்தப் பெண்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பத்துப் பதினொரு நாளில் தடை நீங்கியது.

உலகக் கோப்பையில் ஆடப்போன நம் குழுவின் 21 பேருக்குத் தலைவியாக இருந்தவர் அஸ்தம் உராவ்ன், ஜார்க்கண்டில் கும்லா மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். அவருக்கு மரியாதையாக அரசாங்கம் அவர் ஊருக்குச் சாலை போட்டபோது, அந்த வேலையில் தினக் கூலிக்கு மண் சுமந்தவர்களில் அவருடைய தாயும் தகப்பனும் இருந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. முதல் ஆட்டத்தில் எதிர்ப் பக்கமிருந்த அமெரிக்கக் குழுவின் தலைவி மியா பூட்டா. தகப்பன் வழியில் இந்திய வம்சத்தவர். எட்டாவது கோலை அடித்தவரும் அவரே. இருவருக்கும் இடையிலிருந்த தூரத்தை ரத்தத்தைக் கொண்டோ உணவைக் கொண்டோ விளக்குவது வீண். பொதுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்களில் பெண்களுக்குப் பாரபட்சம் காட்டக்கூடாதென்று அமெரிக்காவில் 1972இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பயனாகப் பள்ளிக்கூடந்தோறும் பெண்களுக்கும் மைதானமும் குழுவும் உண்டாகி, அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மொராக்கோவின் கதை இதைவிடப் படிப்பினை தருவது. அந்த நாட்டுப் பெண்களுக்கும் அதுதான் முதல் உலகக் கோப்பை. முதல் பாதியில் நம் பெண்கள் அவர்களை ஒரு கோலும் போடவிடாமல் தடுத்து நின்றார்கள். இடைவேளைக்குப் பின்புதான், ஐம்பதாவது நிமிஷத்துப் பெனால்டியில், கட்டு அவிழ்ந்தது.

அந்த 21 பேர் பட்டியலில் மணிப்பூர், ஜார்க்கண்டு, ஹரியானாப் பெயர்களே பெரும்பாலும் இருந்தன. தமிழ்நாட்டுப் பெயர் ஒன்றுமில்லை. நம் மாநிலத்துப் பெண்களுக்குக் கால்பந்து தெரியாதா என்றால், தெரியாமல் என்ன? தேசியச் சீனியர் சாம்பியன் பட்டத்தைத் தமிழ்நாடு முதலில் மணிப்பூரைத் தோற்கடித்தும், 2023 ஜூனில் அமிர்தசரசில் ஹரியானாவைத் தோற்கடித்தும் இரு முறை கொண்டுவந்திருக்கிறது. மதுரையின் சேது குழு 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. கடலூரில், சுனாமிக்குப் பிறகு ஆதரவற்ற சிறுமிகளைச் சேர்த்துப் பந்தைக் கொடுத்துப் பழக்கிய பயிற்சியாளர் மாரியப்பனின் பிரயாசையால், சுமித்ரா காமராஜ் இந்தியக் குழுவரைக்கும் சென்றார். அதே கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன், தேசியக் குழுவின் நடுக்களத்தில் ஆடிக்கொண்டே காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகமும் பார்த்து வந்தார். இருபது வயதுக்கு மேல் நம்மிடம் சரக்கு இருக்கிறது, பதினாறில்தான் காணவில்லை. ஏன்?

இதற்கு விடை தேட டில்லிக்குப் போக வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் மேற்கே வந்தால் போதும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வீடுகளின் முதல் தளம் வரை நீர் ஏறிய இந்தப் பகுதியில், அப்போது வெறுமையாய்க் கிடந்த மனைகளில் பெரும்பாலானவற்றில் இன்று அடுக்ககங்கள் எழும்பிவிட்டன. மிச்சமிருக்கும் திடல்களில் நடுப்பாகம் முழுவதும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டுக்கு. வேலியோரச் சீமைக்கருவேலத்தை ஒட்டிய மூலைதான் கால்பந்துச் சிறுமிகளுக்கு. அப்படிப்பட்ட ஒரு மூலையில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தேன். செருப்புகளை இரண்டிரண்டாக வைத்துக் கோல் கம்பம். பத்துப் பன்னிரண்டு பேர். ஸ்டட் பூட்ஸ் போட்டிருந்தவர்கள் மூவர், அதில் ஒருத்தியினுடையது அண்ணனுடையது போலும், முனையில் துணி திணித்துக் கட்டியிருந்தாள். "அக்கா, லெஃப்ட்ல ஃப்ரீ, இங்க குடு!" என்று கத்திக்கொண்டே ஓடிய அந்தப் பெண், இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு அடித்த பந்து, கிரிக்கெட் ஆடுபவர்களின் ஸ்டம்பைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று, அதற்கு ஒரு சண்டை. ஸ்கூட்டரில் சாய்ந்து நின்ற தகப்பனார் பயிற்சியாளரிடம் மெள்ளச் சொன்னார்: "மாஸ்டர், அடுத்த வருஷம் இவளுக்கு பத்தாவது. ஒரு வருஷம் நிறுத்திக்கலாம்னு வீட்ல சொல்றாங்க." மாஸ்டர் இதை எத்தனையோ தகப்பன்மாரிடம் கேட்டவர், "காலையில ஒரு மணி நேரமாவது அனுப்புங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தகப்பனாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும் எந்த வயதில் வருகின்றனவோ, அதே பதினைந்திலும் பதினேழிலுந்தான் உலகம் இளையோர் குழுக்களைத் தேர்ந்தெடுக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவிகித ஒதுக்கீடு இருக்கிறதே என்று சொல்லலாம். அது தேறிவிட்டவர்களுக்குக் கிடைக்கும் பரிசு. தேறுவதற்கு முன் நிறைய ஆட்டங்கள் வேண்டும். பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்தில் தோற்ற குழு அன்று மத்தியானமே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. மறு வருஷம் வரையில் அந்தச் சிறுமிகளுக்கு விசில் ஊதி நடக்கும் ஆட்டம் வேறு இருக்கிறதா என்று கேட்டால், எந்த பி.டி. மாஸ்டரும் சிரித்துத்தான் பதில் சொல்வார். தோற்றவர்களுக்கும் ஆட்டம் உண்டு என்று வருஷம் முழுவதும் நடக்கும் லீக் முறைதான் இதற்கு மருந்து.

ஆட்ட அனுபவம் என்பது என்ன என்பதற்கு 2024 பிப்ரவரியில் டாக்காவில் நடந்த விசித்திரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்தொன்பது வயதுக்குட்பட்ட தெற்காசியப் பெண்கள் போட்டியின் இறுதி ஆட்டம். எட்டாவது நிமிஷத்தில் சிபானி தேவி போட்ட கோலை இந்தியா தொண்ணூறு நிமிஷமும் காப்பாற்றி, அதன்மேல் சேர்க்கப்பட்ட நிமிஷங்களில் கோட்டை விட்டது. பிறகு பெனால்டி. இரு பக்கமும், கோல் காப்பாளர்கள் உட்பட, பதினொருவரும் அடித்தார்கள், பதினொன்றும் கோல்! விதிப்படி ஒருவர் தவறும்வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நடுவர் அதற்கே ஆயத்தமானார். அதற்குள் ஆட்ட ஆணையர் என்ன நினைத்தாரோ, நாணயம் சுண்டிவிடச் சொன்னார். இந்தியாவுக்குப் பூவோ தலையோ விழுந்தது. நம் பெண்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள். வங்காளதேசக் குழு மைதானத்தை விட்டு நகர மறுத்தது. கூட்டத்திலிருந்து பாட்டில்கள் பறந்தன. ஆணையர் தம் தீர்ப்பை வாபஸ் பெற, இப்போது திரும்பி வந்து ஆட நம்மவர்கள் இசையவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வாதாடி, கடைசியில் இருவரும் கூட்டுச் சாம்பியன்கள் என்று அறிவித்தார்கள். பெரியவர்கள் விதிப் புத்தகத்தை மறந்த அந்த ராத்திரியில், இருபத்திரண்டு சிறுமிகளில் ஒருத்திக்குக்கூடக் கால் நடுங்கவில்லை என்பதுதான் எனக்கு விசேஷமாகப் பட்டது.

2025 ஆகஸ்டில், ரங்கூனில், சொந்த மண்ணில் ஆடிய பர்மாவைப் பூஜா அடித்த ஒரே கோலால் வென்று, இருபது வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கோப்பைக்கு இந்தியா இருபது ஆண்டுகளுக்குப் பின் தகுதி பெற்றது. அன்று கோலைக் காத்த மோனாலிசா தேவியும், குழுத் தலைவி சுபாங்கி சிங்கும் யாரென்றால், 2022இல் பதினாறு கோல் வாங்கிய அதே 21 பேரில் இருவர். அக்டோபரில் பிஷ்கெக்கில் பதினேழு வயதுக்குட்பட்டவர்களின் முறை. உஸ்பெகிஸ்தான் முந்திக்கொண்டுவிட, ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் ஜோகிம் அலெக்சாண்டர்சன் இடைவேளைவரை காத்திராமல் நாற்பதாவது நிமிஷத்திலேயே தண்டாமணி பாஸ்கேயை உள்ளே அனுப்பினார். ஐம்பத்தைந்தில் அவரே சமன் செய்தார். அறுபத்தாறில் அவர் கொடுத்த பந்தை அனுஷ்கா குமாரி கோலாக்கினார். இந்தத் தடவை போட்டியை நடத்தும் நாடு என்ற சலுகை இல்லை. ஜெயித்தே ஆசியக் கோப்பைக்குள் போனார்கள்.

பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை முன்போல இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை வருவதில்லை. 2025 முதல் 24 குழுக்களுடன் ஆண்டுதோறும் நடக்கிறது. 2029 வரையிலும் மொராக்கோவே நடத்துகிறது. ஒற்றைப்படை வருஷமோ இரட்டைப்படை வருஷமோ, எப்போது பிறந்த பெண்ணுக்கும் இனிமேல் ஒரு வாய்ப்பு உண்டு. 2029ஆம் ஆண்டுப் போட்டிக்கு 2012 ஜனவரி முதல் தேதியன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேண்டும்; அவர்களில் 2012இல் பிறந்த பெண்களுக்கு நம் ஊரில் பத்தாம் வகுப்புத் தேர்வு 2027லும் 2028லும் வரும்.