மூணு வருஷம்... ஒரு கோப்பை!



நம்ம கால்பந்து டீம் இந்த வருஷம் ஆடிய ஆட்டங்கள் விளையாட்டுத் துறை அறிக்கையில் வரும். அதைத் திருப்பி எழுதி மலரின் பக்கத்தை வீணாக்க எனக்கு விருப்பமில்லை. நான் எழுத வந்தது வேறொரு டீமைப் பற்றி. அவர்களும் நம்மைப் போல இன்ஜினியரிங் படித்தவர்கள்தான். கோப்பை வென்றது 1875-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில்!

"நூத்தம்பது வருஷத்துப் பழங்கதை இப்ப எதுக்குப்பா?" என்று ஹாஸ்டல் பக்கமிருந்து ஒரு குரல் கேட்கிறது. காரணம் இருக்கிறது. நம்ம படிப்பு மூணே வருஷம். ஒருத்தன் ஃபர்ஸ்ட் இயரில் பூட்ஸ் கட்டப் பழகி, செகண்ட் இயரில் டீமுக்குள் வந்து, ஃபைனல் இயரில் கொஞ்சம் ஆட்டம் பிடிபடும்போது டிப்ளமோவைக் கையில் கொடுத்து அனுப்பி விடுகிறார்கள். வருஷா வருஷம் டீமில் பாதி காலி! "நல்ல செட்டு இருந்துச்சு, போச்சு" என்று பி.டி. சாரும் பெருமூச்சு விடுவார். அப்படியானால் ஒரு காலேஜ் டீம் தொடர்ந்து நன்றாக ஆட முடியாதா? முடியும் என்பதற்கு அந்த 1875 டீம்தான் சாட்சி.

டீமின் பெயர் ராயல் இன்ஜினியர்ஸ். பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியாளர் பிரிவு. பாலம் கட்டுவது, சாலை போடுவது, கோட்டை எழுப்புவது இவர்களது வேலை. லண்டனுக்குக் கிழக்கே சாத்தம் என்ற ஊரில் இவர்களுக்கு ராணுவப் பொறியியல் பள்ளி ஒன்று இருந்தது. இளம் அதிகாரிகள் அங்கே வந்து படிப்பார்கள், பயிற்சி எடுப்பார்கள். முடிந்ததும் எங்கே போஸ்டிங்கோ அங்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்தியாவுக்கு வந்தவர்களும் உண்டு. ஆக, இந்த டீமிலும் ஆள் நிற்க மாட்டான். நம்ம கதைதான்!

அந்தக் காலத்தில் கால்பந்து எப்படி ஆடினார்கள் என்று தெரிந்தால்தான் இவர்கள் செய்தது புரியும். இங்கிலாந்து கால்பந்து சங்கம் 1863-ல் முதன்முதலாக விதிகளை எழுதியது. அதன்படி பந்துக்கு முன்னால் நிற்கிற சொந்த அணிக்காரன் யாராக இருந்தாலும் ஆஃப்சைடு. அதாவது முன்பக்கம் பாஸ் போடுவது என்பதே கிடையாது. பிறகு எப்படித்தான் முன்னேறுவது? ஒருவன் பந்தைக் காலோடு ஒட்டி வைத்து, தலையைக் குனிந்துகொண்டு, எதிரிகளை வெட்டி வெட்டி ஓடுவான். மற்றவர்கள் அவன் பின்னாலேயே கும்பலாக ஓடுவார்கள். அவனிடமிருந்து பந்து நழுவினால் அடுத்தவன் எடுத்துக்கொண்டு ஓடுவான். அவ்வளவுதான் ஆட்டம். பதினோரு பேரில் ஏழெட்டுப் பேர் ஃபார்வர்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

1866-ல் இந்த விதியைத் தளர்த்தினார்கள். பந்துக்கு முன்னால் நிற்பவனுக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் குறைந்தது மூன்று பேர் இருந்தால் அவன் ஆடலாம். (இந்த மூன்று, 1925-ல் இரண்டாகக் குறைந்தது.) முன்பக்கப் பாஸுக்குக் கதவு திறந்துவிட்டது. ஆனால் விதிதான் மாறியது, கால்கள் மாறவில்லை. பெரிய பெரிய பள்ளிகளில் படித்த ஆட்டக்காரர்கள் பழைய பழக்கத்திலேயே தனியாக வெட்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். பாஸ் கொடுப்பதைவிடத் தானே கொண்டு போவதில்தான் வீரம் என்ற நினைப்பு. (நம்ம கிரவுண்டிலும் இந்த நினைப்புள்ள அண்ணன்மார் உண்டு. பெயர் வேண்டாம்!)

இங்கேதான் ராயல் இன்ஜினியர்ஸ் வித்தியாசப்பட்டார்கள். எதிரி நெருங்கி வந்து பந்தைப் பறிக்கும் முன்பே, காலியாக நிற்கும் தன் ஆளுக்குத் தள்ளிவிடுவது; தள்ளிய பிறகு நின்று வேடிக்கை பார்க்காமல் அடுத்த காலி இடத்துக்கு ஓடுவது. இதற்கு அப்போது 'காம்பினேஷன்' ஆட்டம் என்று பெயர். சங்கத்தின் செயலாளராகப் பல்லாண்டுகள் இருந்த ஃபிரடெரிக் வால், இந்த முறையை முதலில் கொண்டு வந்தவர்கள் ராயல் இன்ஜினியர்ஸ்தான் என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். ஸ்காட்லாந்தின் குவீன்ஸ் பார்க் அணிக்கும் ஷெஃபீல்டு ஆட்டக்காரர்களுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். யார் முதல் என்ற சண்டை நமக்கு வேண்டாம். இன்ஜினியர்கள் கூடி ஆடினார்கள், அது போதும்.

மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேனே! மொத்த லோடையும் ஒரே பல் சக்கரத்தில் ஏற்றினால் பல் உடையும். கியர் டிரெயினில் ஒவ்வொரு பல்லும் ஒரு நொடிதான் பாரம் தாங்கும். உடனே அடுத்த பல்லுக்குக் கொடுத்துவிடும். பாஸும் அதே மாதிரிதான்.

சரி, நல்ல முறை கிடைத்தது, உடனே கோப்பையும் கிடைத்ததா? அதுதான் இல்லை!

எஃப்.ஏ. கோப்பை முதன்முதலாக 1871-72-ல் நடந்தது. 15 அணிகள் பெயர் கொடுத்தன. 1872 மார்ச் 16-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் இறுதிப் போட்டி. ராயல் இன்ஜினியர்ஸ்தான் ஜெயிப்பார்கள் என்று பலரும் நினைத்தார்கள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவர்களில் கிரெஸ்வெல் என்பவரின் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அப்போது கிடையாது. மனுஷன் வெளியே போக மறுத்து வலியோடு கடைசி வரை நின்றார். ஆனாலும் வாண்டரர்ஸ் அணி 1-0 என்று ஜெயித்தது.

அடுத்த ஆண்டு இறுதிப் போட்டி வரைகூட வர முடியவில்லை. 1874-ல் மறுபடி இறுதிப் போட்டி. எதிரே ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இரண்டு கோல் வாங்கி 0-2 என்று தோற்றார்கள். அதே 1874-ல் இன்னொரு துயரம். 1872 இறுதிப் போட்டியில் ஆடிய குட்வின் என்ற இளம் அதிகாரி இந்தியாவில், ரூர்க்கியில் இறந்து போனார். தோல்வி ஒரு பக்கம், ஆட்கள் கலைந்து போவது ஒரு பக்கம்.

வேறு டீமாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? "இந்தப் பாஸ் வேலையெல்லாம் வேண்டாம், பழையபடி ஓடுவோம்" என்று முறையையே மாற்றியிருப்பார்கள். இவர்கள் மாற்றவில்லை.

இப்போது 1874-75 சீசனுக்கு வருவோம். 29 அணிகள் களத்தில். முதல் சுற்றில் மார்லோவை 3-0. அடுத்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை 5-0, அடேங்கப்பா! அடுத்து கிளாப்பம் ரோவர்ஸ். அது இழுபறியில் 3-2. அரையிறுதியில் யார் தெரியுமா? போன வருஷம் தோற்கடித்த அதே ஆக்ஸ்போர்டு, நடப்பு சாம்பியன்! முதல் ஆட்டம் 1-1. மறு ஆட்டத்தில் 1-0 என்று கணக்குத் தீர்த்தார்கள்.

இறுதிப் போட்டி 1875 மார்ச் 13, மறுபடி ஓவல். எதிரே ஓல்டு இட்டோனியன்ஸ், அதாவது புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். அன்று பலத்த காற்று. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கோல் விழுந்ததும் இரு அணிகளும் பக்கம் மாற வேண்டும் என்பது விதி. இதனால் வந்த வினையைப் பாருங்கள். காற்று முதுகில் அடிக்க ஆடிய இட்டோனியன்ஸ் முதல் கோல் போட்டார்கள். பக்கம் மாறியது. இன்ஜினியர்ஸ் பக்கம் காற்று வந்தது, சீக்கிரமே ரென்னி-டெய்லியர் பதில் கோல் போட்டுவிட்டார். உடனே மறுபடி பக்கம் மாறி, காற்று எதிரிக்கே போய்விட்டது! கோல் போட்டதற்குத் தண்டனை மாதிரி மீதி ஆட்டம் முழுக்கக் காற்றை எதிர்த்தே ஆடினார்கள். கூடுதல் நேரத்திலும் அசையவில்லை. 1-1. (இடைவேளையில் மட்டும் பக்கம் மாறினால் போதும் என்று அதே 1875-ல் விதியைத் திருத்தினார்கள்.)

மார்ச் 16-ல் மறு ஆட்டம். இட்டோனியன்ஸ் அணியில் ஒருவருக்குக் காயம், வேறு சிலரும் வர இயலவில்லை. அதிர்ஷ்டமும் கொஞ்சம் கை கொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இன்ஜினியர்ஸ் 2-0 என்று ஜெயித்தார்கள். கோப்பை சாத்தம் போய்ச் சேர்ந்தது!

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். 1872-ல் தோற்ற பதினோரு பேரில் எத்தனை பேர் 1875-ல் ஜெயித்த அணியில் இருந்தார்கள்? இரண்டே இரண்டு பேர்! கோல் கீப்பரும் கேப்டனுமான மெரிமன் ஒருவர்; நம்ம முசோரியில் பிறந்த ரென்னி-டெய்லியர் இன்னொருவர். மற்ற ஒன்பது பேரும் புதியவர்கள். 1872-லிருந்து 1875 வரை எத்தனை வருஷம்? மூணு. கரெக்டாக ஒரு டிப்ளமோ!

ஆட்கள் போனார்கள், ஆட்டம் போகவில்லை. புதிதாக வந்தவன் அந்த ஆட்டத்தைப் பழையவனிடமிருந்து கற்றுக்கொண்டான். தனி மனிதனின் வெட்டுத் திறமை அவனோடு ரயிலேறிப் போய்விடும். பாஸ் கொடுக்கும் பழக்கம் மட்டும் கிரவுண்டிலேயே தங்கும், ஏனென்றால் அது ஒருத்தனுடைய சொத்து இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. ராயல் இன்ஜினியர்ஸ் 1878-ல் இன்னொரு முறை இறுதிக்கு வந்து தோற்றார்கள். பிறகு வரவே இல்லை. அவர்களது பாஸ் ஆட்டத்தை எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சம்பளம் வாங்கி ஆடுகிற அணிகளும் வந்துவிட்டன. அவர்கள் எடுத்தது அந்த ஒரே கோப்பைதான். ஆனால் இன்று உலகத்தில் எந்த மூலையில் யார் பாஸ் கொடுத்தாலும் அதில் அந்த இன்ஜினியர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சும்மாவா?

நான் இந்த டீமில் லெஃப்ட் பேக். இந்த வருஷத்தோடு நானும் கிளம்புகிறேன். போகிற சீனியர்கள் சார்பில் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: ஃபர்ஸ்ட் இயர் தம்பிகளைப் பந்து பொறுக்க மட்டும் நிறுத்தாதீர்கள். முதல் மாதத்திலிருந்தே சீனியர்களோடு கலந்து ஆட விடுங்கள்.

இரண்டு: தினமும் பதினைந்து நிமிஷம் 'ரெண்டே டச்' ஆட்டம் ஆடுங்கள். ஒரு டச்சில் நிறுத்து, அடுத்த டச்சில் கொடு. வெட்ட ஆசைப்படுகிறவனுக்கு முதலில் கசக்கும், பிறகு பிடிக்கும்.

மூன்று: தோற்றவுடன் முறையை மாற்றாதீர்கள். சாத்தம்காரர்கள் இரண்டு இறுதிப் போட்டி தோற்றும் மாற்றவில்லை.

தம்பிகளே, எங்களில் யாரும் அடுத்த ஜூனில் கிரவுண்டில் இருக்க மாட்டோம். பந்து இருக்கும், நீங்கள் இருப்பீர்கள். தலையை நிமிர்த்திப் பாருங்கள், பக்கத்தில் ஒருத்தன் காலியாக நிற்பான். அவனுக்குக் கொடுங்கள்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு