பத்தாவது தட்டு யாருடையது? டேபிள்டாப் மர்ம விளையாட்டில் துப்பு வேலை செய்யும் விதம்

எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகக் கொஞ்சம் சீர்செய்து இங்கே போட்டிருக்கிறேன். இயர்போன் இல்லாமல் பஸ்ஸில் போறவங்களுக்காக.

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். துப்பறியும் நாவலில் குற்றவாளி கடைசியில் மாட்டியே தீருவான். ஏன்னா எழுத்தாளர் அப்படி முடிவு பண்ணிட்டார். அதே கதையை ஐந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விளையாட்டாக ஆடினால்? யார் எந்தக் கதவைத் திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. முக்கியமான துப்பு இருக்கிற அறைக்குள் யாருமே போகலைன்னா அந்த மர்மம் எப்படி முடியும்?

முதலில், இது என்ன விளையாட்டு?

டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேம். ஸ்கிரீன் கிடையாது. ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தை, சம்பவங்களை, எதிரில் வருகிற ஆட்களை எல்லாம் அவர்தான் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். “கதவைத் திறக்கிறேன்”, “அந்த ஆள் சொல்றதை நம்பலை, முகத்தைக் கவனிக்கிறேன்” என்று வாயால் சொல்லி ஆடுவீங்க. முடிவு சந்தேகமாக இருக்கிற இடத்தில் பகடை உருளும். அவ்ளோதான்.

1974-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது. மூன்றே வருஷத்தில், 1977-இல், டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டு வந்தது. 1981-இல் கால் ஆஃப் கதுல்ஹூ. அதில் வாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை விட நூலகத்தில் பழைய பேப்பரைப் புரட்டுவதுதான் முக்கியம். துப்பறிவது இந்த வகை விளையாட்டுகளின் மையத்துக்கு வந்தது அதில்தான்.

கன்வென்ஷனில் என்ன வித்தியாசம்?

வீட்டில் நண்பர்களோடு ஆடினால் ஒரே கதை மாசக்கணக்கில் போகும். கன்வென்ஷன் அப்படியில்லை. உலகத்தில் பெயர்பெற்ற ஜென் கான், 1968-இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா ஊரில் சின்னதாக ஆரம்பித்தது. அங்கிருந்து நம்ம பெங்களூரு, மும்பை கூட்டங்கள் வரை நடைமுறை கிட்டத்தட்ட ஒன்றுதான். நான்கு மணி நேரம், ஒரு மேஜை, ஐந்தாறு அந்நியர்கள். கதாபாத்திரங்கள் ஏற்கனவே தயாராக இருக்கும். ஷீட்டை எடுத்து உட்கார வேண்டியதுதான். நான்கு மணி நேரம் முடிந்ததும் அடுத்த குழு வந்து நிற்கும்.

அதனால் மர்மக் கதைக்கு இங்கே இரண்டு நெருக்கடி. நேரம் குறைவு, அதனால் வழி தவறினால் திரும்பி வர இடமில்லை. பக்கத்தில் இருப்பவர் யாரென்றே தெரியாது, அதனால் நன்றாகப் பேசுகிற இரண்டு பேர் மட்டும் ஆடி, மீதிப் பேர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகலாம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

இன்ஜினியரிங் படிச்ச புத்தி, கணக்கு இல்லாமல் விடாது. குற்றவாளியிடம் போய்ச் சேர ஐந்து துப்புகள் வேண்டும், ஒன்றிலிருந்து அடுத்தது என்று சங்கிலியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் பகடை போடணும், ஒவ்வொன்றும் கிடைக்க 80 சதவீத வாய்ப்பு. நல்ல வாய்ப்பு மாதிரிதான் தெரியுது இல்லையா? ஐந்தையும் பெருக்குங்க. கிட்டத்தட்ட 33 சதவீதம். மூன்று மேஜையில் இரண்டு மேஜை பாதியிலேயே முட்டி நிற்கும். ஒரே ஒரு டேட்டாபேஸ் விழுந்தால் மொத்த ஆப்பும் விழுந்துவிடுகிற டிசைன் இது.

இதற்கு இரண்டு தீர்வுகள் பிரபலம். முதலாவது, ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008-இல் எழுதிய ‘மூன்று துப்பு விதி’. ஆட்டக்காரர்கள் எந்த முடிவுக்கு வரணுமோ, அந்த ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகள் வைக்கணும். ஒவ்வொன்றும் கிடைக்க 50 சதவீதம்தான் வாய்ப்பு என்றாலும், மூன்றில் ஒன்றாவது கிடைக்க 87.5 சதவீதம். பேக்கப் சர்வர் லாஜிக்.

இரண்டாவது தீர்வு இன்னும் துணிச்சலானது. ராபின் டி. லாஸ் உருவாக்கி, 2006-இல் தி எசோடெரரிஸ்ட்ஸ் என்ற விளையாட்டோடு வெளிவந்த கம்ஷூ முறை. அது சொல்வது: துப்புக்குப் பகடையே போடாதே. சரியான இடத்தில், சரியான திறமை உள்ள ஆள் தேடினால் துப்பு கிடைத்தே தீரும். துரத்துவது, குதிப்பது, சுடுவது மாதிரி விஷயங்களுக்குத்தான் பகடை. அதுவும் ஒரே ஒரு ஆறு முகப் பகடை. பெரும்பாலும் 4 வந்தால் போதும். கையில் இருக்கும் புள்ளிகளைச் செலவழித்து வாய்ப்பைக் கூட்டலாம். இரண்டு புள்ளி போட்டால் 50 சதவீதம் 83 ஆகும்.

“துப்பைக் கையில் கொடுத்துட்டா அப்புறம் என்ன விளையாட்டு?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எனக்கு ஒரு மேஜையில் கிடைத்தது.

ஒன்பது பேர், பத்து தட்டு

பெங்களூரில் ஒரு கன்வென்ஷன். ஆஷன் ஸ்டார்ஸ் ஆட உட்கார்ந்தேன். 2011-இல் வந்த கம்ஷூ விண்வெளி விளையாட்டு. பெரிய போர் ஒன்று முடிந்து, கூட்டரசு தளர்ந்துபோய், எல்லைப்புற நட்சத்திரங்களில் காவல் இல்லாத காலம். அங்கே கூலிக்குக் குற்றம் துப்பறியும் லேசர்கள்தான் நாம். அந்த உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று: போரில் எதிரியாக இருந்த மொஹிலார் இனம் எப்படி இருந்தது என்று இப்போது யாருக்குமே சரியாக நினைவில்லை.

கதை கேம் மாஸ்டர் சொந்தமாக எழுதியது. ஒரு சுரங்க நிலையத்திலிருந்து மூன்று வாரமாகச் செய்தி இல்லை. போய்ப் பார்த்தால் ஆளே இல்லை. பணியாளர் பட்டியலில் ஒன்பது பெயர். ஒன்பது படுக்கை. கேமராப் பதிவில் எத்தனை முறை எண்ணினாலும் ஒன்பது பேர். ஆனால் சாப்பாட்டு அறையில் கழுவி வைத்த தட்டுகள் பத்து.

இரண்டு மணி நேரம் விவாதம் போனது. ஒளிந்து வந்த ஆளா, ரோபோவா, விருந்தாளியா? எல்லாம் இங்கிலீஷில், வேக வேகமாக. என் பக்கத்தில் ஒரு தம்பி. வரிசையில் நிற்கும்போதே பேசிப் பழகியாச்சு, அவரும் நம்ம புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம். கல்லூரி இரண்டாம் வருஷம். மேஜையில் உட்கார்ந்ததிலிருந்து அவர் சொன்னது மொத்தம் நான்கு வார்த்தை இருக்கும். ஒவ்வொரு முறையும் வாக்கியத்தை மனசுக்குள் கோர்த்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடும். இந்த அவஸ்தை நம்மில் பல பேருக்கு முதல் இன்டர்வியூவிலிருந்தே தெரியும்.

அப்போது கேம் மாஸ்டர் அவரைப் பார்த்தார். “மொழியியல் உங்க ஷீட்ல மட்டும்தான் இருக்கு. டைஸ் வேண்டாம். நிலையத் தலைவரோட தினக்குறிப்பைப் படிக்கிறீங்க. அந்த மொழியில ‘வீ’ங்கிறதுக்கு ரெண்டு சொல் இருக்கு. பத்தொன்பதாம் நாள் வரைக்கும் ஒரு சொல். இருபதாம் நாள்லேர்ந்து இன்னொரு சொல்.”

மேஜையில் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. தம்பி பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம், “அண்ணே, தமிழ்ல சொல்லலாமா?” என்றார். கேம் மாஸ்டர் பெங்களூருக்காரர், தமிழ் புரியும். சொல்லுங்க என்று தலையசைத்தார்.

“நாங்க சாப்பிட்டோம்னா கேக்குறவர் அதுல இல்ல. நாம சாப்பிட்டோம்னா கேக்குறவரும் உண்டு. பத்தொன்பது நாள் இவரு ‘நாங்க’னு எழுதியிருக்காரு. இருபதாம் நாள்லேர்ந்து ‘நாம’. அப்போ இந்தக் குறிப்பைப் படிக்கிற ஆளு அவங்களோடவே உக்காந்து சாப்பிட்டிருக்கான். பத்தாவது தட்டு அவனோடது.”

மேஜை அமைதியாகிவிட்டது. எதிரில் இருந்த அக்கா கேட்டாங்க, “இப்போ அந்தக் குறிப்பைப் படிக்கிறது நாம தானே?” நான் பைலட். உடனே எங்கள் கப்பலின் ஏர்லாக் பதிவைப் பார்க்கிறேன் என்று சொன்னேன். நாங்கள் ஐந்து பேர். உள்ளே வந்தவர்கள் ஆறு என்று இருந்தது. ஆறாவது ஆளின் முகம் எங்கள் யாருக்கும் நினைவில்லை.

கடைசி அரை மணி நேரம் ஒரே ஒரு முடிவுக்காகப் போனது. அதையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்புவதா, கப்பலை முடக்கிவிட்டு எச்சரிக்கை மட்டும் அனுப்புவதா? ஓட்டெடுப்பு. முடக்கினோம்.

இங்கே நடந்தது என்ன?

துப்பு இலவசமாகத்தான் கிடைத்தது. ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. கம்ஷூவின் மையம் இதுதான். தகவல் கிடைப்பது ஒரு வேலை, அதைப் புரிந்துகொள்வது இன்னொரு வேலை. முதல் வேலையைப் பகடையிடம் விட்டால் இரண்டாவது வேலைக்கு நேரமே வராது. மூளைக்கு வேலை இருப்பது இரண்டாவதில்தான்.

இன்னொன்றும் நடந்தது. அந்த முறையில் விசாரணைத் திறமைகளை மேஜையில் இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவருக்குச் சட்டம், ஒருவருக்குத் தடயவியல், ஒருவருக்கு மொழி. அதனால் ஒவ்வொருவரும் தேவைப்படும் தருணம் விதியிலேயே இருக்கிறது. சத்தமாகப் பேசுகிறவர் எவ்வளவு பேசினாலும் மொழியியல் அவர் ஷீட்டில் இல்லை. அமைதியாக இருக்கிற ஆளிடம் போய்த்தான் ஆகணும். ஆனால் விதி அவரைப் பேச அழைப்பதோடு நின்றுவிடும். தனக்கு வருகிற மொழியில் பேச இடம் கொடுக்க வேண்டியது மேஜையில் இருக்கும் மனிதர்கள்தான். தமிழில் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த மர்மம் எங்கள் கண் முன்னாலேயே விடுபடாமல் கிடந்திருக்கும்.

நம்ம ஊர்ப் பாறையில் ஒரு துப்பு

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை. சிகாநாதசுவாமி கோயிலுக்குப் பின்னால் பாறைச் சரிவில் ஒரு கல்வெட்டு. செய்தி இல்லை, தானக் கணக்கும் இல்லை. முழுக்க இசை. ஏழு பகுதிகள், 38 வரிகள், நான்கு நான்காகத் தொகுத்த ஸ்வர எழுத்துகள். எழுத்து பல்லவ கிரந்தம், எழுத்தமைதியை வைத்து 7ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். மகேந்திரவர்மன் வெட்டியது என்று ரொம்ப நாள் சொல்லப்பட்டது. அதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஒரே ஸ்வரம் ச, சி, சு, செ என்று உயிர் மாறி மாறி வருகிறது. அது நுண் சுருதியா, வாசிக்கும் முறையா என்று விவாதம். இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்ற பொருளில் தமிழில் ஒரு வரி வேறு. எட்டு என்றால் எது, ஏழு என்றால் எது? அதற்கும் பல விளக்கங்கள்.

பாருங்க, இந்தத் துப்பை யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக வெட்டவெளியில் இருக்கிறது. படி எடுத்தாச்சு, அச்சிலும் வந்தாச்சு. இன்னும் பேச்சு முடியவில்லை. நல்ல மர்மத்துக்கு இருட்டறையும் பூட்டிய பெட்டியும் கட்டாயமில்லை.

நீங்களே ஆட

கன்வென்ஷன் நம்ம ஊருக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஐந்து பேர், ஒரு மாடி, நான்கு மணி நேரம் போதும். பகடை லூடோ பெட்டியிலேயே இருக்கும்.

கதைக்கு ஒரு விதை தருகிறேன். 2300ஆம் ஆண்டு. நிலாவில் ஒரு ஆய்வு நிலையம் நான்கு நான்கு ஒலிகளாக ஒரு சமிக்ஞையைப் பிடிக்கிறது. அதே வரிசை குடுமியான்மலைப் பாறையில் இருக்கிறது. (பாறை நிஜம், மற்றதெல்லாம் கற்பனை. கோயிலுக்குப் போய் ஏலியன் தேடாதீங்க.)

முதலில் முடிவை எழுதுங்க: அனுப்பியது யார், ஏன். அந்த முடிவுக்குப் போக மூன்று துப்பு வையுங்க. ஒன்று இசை தெரிந்தவருக்கு, ஒன்று கல்வெட்டு படிப்பவருக்கு, ஒன்று ரேடியோ தெரிந்தவருக்கு. அந்தத் திறமைகளை ஆளுக்கொன்றாகக் கொடுங்க. துப்புக்குப் பகடை கேட்காதீங்க. ஆபத்துக்கு மட்டும் கேளுங்க. மூன்றாவது மணி நேரம் முடிவதற்குள் உண்மை வெளியே வந்திருக்கணும். கடைசி ஒரு மணி நேரம், அதை வைத்து என்ன செய்வது என்று அவர்கள் முடிவெடுக்க.

அந்நியர்களோடு ஆடினால் மேஜை நடுவில் எக்ஸ் என்று எழுதிய ஒரு அட்டை வையுங்க. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் பரப்பிய பழக்கம் இது. கதையில் ஏதாவது ஒன்று ஒருவருக்குச் சங்கடமாக இருந்தால் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்தப் பகுதியை விட்டுவிடணும்.

ஆரம்பிக்கும் முன்னால் ஒரு வாக்கியம் சொல்லிடுங்க: “யாருக்கு எந்த மொழி வருதோ அதுலயே பேசலாம்.” விதிப் புத்தகத்தில் இதற்குப் பக்கம் கிடையாது. நீங்கதான் சொல்லணும்.

உங்க மேஜையில் என்ன நடந்ததுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.